வேலை முடிந்து வந்து ராத்திரிச் சமையல்: பட்டுத் தெரிந்துகொண்டவை

போன வருடம் ஜூன் மாதம் என் மனைவிக்கு ராமநாதபுரம் பக்கம் பணி மாறுதல் வந்தது. அரசு மருத்துவமனையில் செவிலியர் வேலை. பல வருடம் காத்திருந்து கிடைத்த வேலை என்பதால் விடவும் மனசில்லை. பிள்ளைகளின் படிப்பு நடுவில் கெடக்கூடாது என்று அவள் மட்டும் அங்கே அறை எடுத்துத் தங்கினாள். நானும் பிள்ளைகளும் கிருஷ்ணகிரியிலேயே இருந்துகொண்டோம். பெண் எட்டாவது, பையன் மூன்றாவது. எனக்கு வேலை ஓசூர் சிப்காட்டில், ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் பிரிவில். போக 50 கிலோமீட்டர், வர 50 கிலோமீட்டர். காலை 7 மணிக்குள் பஸ் ஏறிவிட வேண்டும். சாயந்திரம் சூளகிரி தாண்டி வீடு வந்து சேரும்போது ஏழேகால், நெரிசல் இருந்தால் ஏழேமுக்கால் ஆகிவிடும்.

காலையும் மதியமும் பெரிய கவலை இல்லை. பையன் நகராட்சிப் பள்ளியில் படிக்கிறான், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அரசின் காலை உணவு உண்டு, மதியம் சத்துணவு. பெண்ணுக்கும் மதியம் பள்ளியிலேயே சாப்பாடு. காலையில் அவளுக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்தால் போதும். எனக்குக் கம்பெனி கேன்டீன். ஆக மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து வீட்டில் சாப்பிடுவது ராத்திரி ஒரு வேளைதான். அந்த ஒரு வேளைதான் என்னைப் படாதபாடு படுத்தியது. இதே நிலையில் இருக்கிற அப்பாக்களும் அம்மாக்களும் ஓசூர் பஸ்ஸில் தினமும் என்னோடு வருகிறார்கள். எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான்கு மாதக் கஷ்டமும் பணமும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கேரியர் சாப்பாட்டுக்குச் சொன்னோம். வீட்டில் சமைத்து ராத்திரிச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறோம் என்று ஒருவர் வந்தார். மூன்று பேருக்கு மாதம் 4,500 ரூபாய், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 12,000 என்றார். மனைவி ஊருக்குக் கிளம்புகிற நேரம், யோசிக்கிற நிலையில் இரண்டு பேரும் இல்லை. கட்டிவிட்டோம். முதல் இரண்டு வாரம் சப்பாத்தி, குருமா, இட்லி, சாம்பார் எல்லாம் சூடாக வந்தது. அப்புறம் சப்பாத்தி காய்ந்து வர ஆரம்பித்தது. பிறகு எட்டரை மணிக்கு வர வேண்டிய கேரியர் ஒன்பதரைக்கு வந்தது. பையன் சோபாவிலேயே தூங்கிப்போவான், எழுப்பி ஊட்டினால் அழுவான். இரண்டாவது மாதம் பாதியில் ஒருநாள் கேரியர் வரவே இல்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். கிட்டத்தட்ட 6,000 ரூபாய் போனது போனதுதான். அன்றைக்கு வந்த கோபத்தைவிட, வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் தெருவில் நின்ற அந்தத் தவிப்பு இன்னமும் நினைவில் இருக்கிறது.

கேரியர் சாப்பாடு தவறு என்று சொல்ல மாட்டேன். நாணயமாக நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அது பிழைப்பு. ஆனால் காசை வாரா வாரம் கொடுங்கள். தள்ளுபடி என்று எவ்வளவு சொன்னாலும் ஒரு வாரத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம். எந்த வீட்டில், யார் சமைக்கிறார்கள் என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை மணிக்கு வரும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் எட்டரைக்கு மேல் வருகிற சாப்பாட்டால் பயனே இல்லை. காரம் குறைத்துத் தரமுடியுமா என்றும் கேளுங்கள். என் பையன் பாதி நாள் வெறும் இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டதற்குக் காரணம் அந்தக் குருமாவின் காரம்தான்.

அடுத்து ஓட்டல். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பரோட்டா, இட்லி, சில நாள் ஃபிரைடு ரைஸ் என்று வாங்கிக்கொண்டு போவேன். மூன்று பேருக்கு 250 ரூபாய்க்குக் குறையாது, முட்டையோ கறியோ சேர்ந்தால் 350. மாதக் கணக்குப் போட்டால் எட்டாயிரத்தைத் தொட்டது. ராமநாதபுரம் அறை வாடகையும் சேர்ந்ததும் சம்பளம் இருபதாம் தேதிக்கே தீர்ந்தது. பணத்தைக்கூட விடலாம். ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கிவந்த ஃபிரைடு ரைஸைச் சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் பையன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். நிற்கவே இல்லை. நடுராத்திரி ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். பெண்ணைத் தனியாக வீட்டில் விட முடியாது, அவளும் பள்ளிச் சீருடையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ராமநாதபுரத்திலிருந்து மனைவி போனில் அழுகிறாள், என்ன மருந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. டிரிப்ஸ், மருந்து எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். இரண்டு நாள் சம்பளமும் போனது.

அங்கிருந்த டாக்டர் பொறுமையாக ஒரு விஷயம் விளக்கினார். அது வீட்டுச் சமையலுக்கும் பொருந்தும். வேகவைக்காத அரிசியிலேயே பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துக்கள் இருக்கும், வேகவைத்தாலும் அவை சாகாது. வெந்த சோற்றை வெளியிலேயே மணிக்கணக்கில் வைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி எவ்வளவு சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. காலையில் வடித்த சோற்றை ராத்திரி எண்ணெயில் வதக்கித் தந்தால் இதுதான் நடக்கும் என்றார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஏற்பாடு: சோறு மிஞ்சினால் ஆறப்போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவோம், மறுநாளே ஒருமுறை மட்டும் நன்றாகச் சூடாக்கித் தீர்த்துவிடுவோம். அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். குக்கரோடு மூடி அப்படியே விட்டால் நடுவில் இருக்கிற சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும், ஆபத்து அதில்தான்.

இனி வீட்டில்தான் சமையல் என்று முடிவுசெய்த பிறகும் முதல் சில வாரம் நரகம்தான். ஏழரைக்கு உள்ளே நுழைந்தால் சாப்பிட ஒன்பதரை. சமையல் எனக்கு ஓரளவு தெரியும், கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் நண்பர்களோடு தங்கியிருந்தபோது செய்ததுதான். ஆனாலும் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று புரியவில்லை. ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். என்ன செய்யலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்து நின்றதில் இருபது நிமிடம். சின்ன வெங்காயம் உரித்ததில் கால் மணி நேரம். பருப்பு வேகாமல் குக்கரைத் திரும்பத் திரும்ப ஏற்றியதில் நாற்பது நிமிடம். அடுப்பில் உண்மையாக வேலை நடந்தது அரை மணி நேரம்கூட இல்லை. இந்த மூன்றையும் சரிசெய்தால் போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பருப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து குடியேறுகிறவர்கள் இதில் ரொம்பவே சிரமப்படுகிறார்கள். நம்மூர் போர் தண்ணீர் கடினமான தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம் இருக்கிற தண்ணீரில் பருப்பு சீக்கிரம் குழையாது. எத்தனை விசில் விட்டாலும் தண்ணீரும் பருப்புமாகத் தனித்தனியே நிற்கும். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைக்கிறோம், அதில் துவரம்பருப்பு நான்கு விசிலில் வெண்ணெயாகக் குழைகிறது. அந்தத் தண்ணீர் வராத நாளில் கேன் தண்ணீரையே பருப்புக்கு ஊற்றுங்கள், ஒரு செம்பு தண்ணீர்தானே. பருப்பைச் சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஊறவைத்தால் இன்னும் நல்லது. நான் சூளகிரியில் பஸ் நிற்கும்போது பெண்ணுக்குப் போன் செய்து பருப்பை ஊறவைக்கச் சொல்லிவிடுவேன். இன்னொன்று, தக்காளியையும் புளியையும் பருப்போடு சேர்த்து முதலிலேயே குக்கரில் போட்டால் புளிப்பு பருப்பை வேகவிடாது. வெந்த பிறகு சேருங்கள். சீக்கிரம் வேக வேண்டும் என்று ஆப்ப சோடா போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் பருப்பிலுள்ள தயமின் என்கிற பி1 வைட்டமின் வீணாகிவிடும். நான் போடுவதில்லை.

என்னை உண்மையில் கரையேற்றியது என் அம்மாதான். அம்மா காவேரிப்பட்டணம் பக்கம் ஊரில் இருக்கிறார், மாடு கன்று இருப்பதால் இங்கே வந்து தங்க முடியாது. ஒருநாள் ராத்திரி போனில் என் குரலைக் கேட்டுவிட்டு, “என்ன சாமி, இன்னும் சாப்பிடலையா?” என்றார். சோறு, சாம்பார், பொரியல், ரசம் என்று வரிசையாகச் சொன்னேன். “ராத்திரிக்கு எதுக்குடா நாலு பாத்திரம்? காட்டுல இருந்து பொழுது சாஞ்சு வந்து நான் எத்தனை பாத்திரம் வெச்சேன்? களி ஒரு உருண்டை, கீரையை ஒரு கடை கடைஞ்சா ஆச்சு. பசங்க வளரலையா?” என்றார். அது உண்மைதான். காலையிலிருந்து களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் விறகடுப்பில் அரை மணி நேரத்தில் முடித்த சாப்பாடு அது. ஒரு பாத்திரம், அதற்குத் தொட்டுக்கொள்ள ஒன்று. அவ்வளவுதான் ராத்திரிச் சாப்பாடு. அன்றையிலிருந்து நான் மூன்றாவது பாத்திரத்தை எடுப்பதில்லை.

ராகிக் களியை நிறையப் பேர் கஷ்டமான சமையல் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். அம்மா போனிலேயே சொல்லிக்கொடுத்து நான் செய்தேன். இரண்டு டம்ளர் தண்ணீரில் உப்பும், ஃபிரிட்ஜில் வைத்த முந்தின நாள் சோறு ஒரு கைப்பிடியும் போட்டுக் கொதிக்க விடுங்கள். சோறு இல்லையென்றால் அரிசி நொய்யை முதலில் வேகவிட வேண்டும். நன்றாகக் கொதிக்கும்போது ஒரு டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிளறவே கூடாது. களிக்கட்டையின் காம்பால் நடுவில் ஒரு குழி மட்டும் போட்டு, தீயைக் குறைத்து மூடிவிட்டு ஐந்தாறு நிமிடம் விடுங்கள். அந்தக் குழி வழியாகத் தண்ணீர் கொதித்து மேலேறி மாவை வேகவைக்கும். அப்புறம் பாத்திரத்தைக் காலால் இடுக்கியோ, துணியால் பிடித்தோ, கட்டி இல்லாமல் அழுத்திக் கிண்ட வேண்டும். மறுபடி இரண்டு நிமிடம் தீயில் வைத்து, கையை ஈரம் செய்துகொண்டு உருட்டினால் வேலை முடிந்தது. கையில் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். மொத்தம் இருபது நிமிடம். நூறு கிராம் ராகியில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பையன் முதலில் முகம் சுளித்தான். மெல்லாமல் குழம்பில் புரட்டி விழுங்கணும் என்று அக்கா சொல்லிக்கொடுத்ததும் அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்தால் எனக்குக் காலைச் சாப்பாடு.

களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல். ஆய்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். சாயந்திரம் ஆறு மணிக்குப் பெண்ணும் பையனும் டிவி பார்த்துக்கொண்டே சிறுகீரையோ அரைக்கீரையோ ஆய்ந்து வைத்துவிடுவார்கள். நான் வந்ததும் அலசி நறுக்கி, தக்காளி இரண்டு, பச்சை மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், சீரகம் சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, துளி புளியும் உப்பும் போட்டு மத்தால் கடைந்தால் முடிந்தது. மிக்ஸியில் போட்டால் பச்சை வாடை வருகிறது, மத்துக்கு வருகிற பதம் அதில் வராது. அவரை சீசனில் பாலக்கோட்டுப் பக்கத்து அவரைக்காய் சந்தைக்கு வரும்போது அதையும் இதே மாதிரி கடையலாம்.

கொள்ளு ஒருமுறை வேகவைத்தால் இரண்டு ராத்திரிக்கு ஆகும், இதை எல்லோருக்கும் சொல்வேன். காலையில் கிளம்பும்போது கல் பார்த்துக் கழுவி நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வெயில் காலமென்றால் ஃபிரிட்ஜில் ஊறட்டும், வெளியில் வைத்தால் வாடை வந்துவிடும். வந்ததும் புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஏழெட்டு விசில். அந்த நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம். வெந்த தண்ணீரை வடித்துத் தனியாக எடுத்து வையுங்கள். கொள்ளோடு வதக்கிய சின்ன வெங்காயம், வர மிளகாய், பூண்டு, சீரகம், கொஞ்சம் கொத்தமல்லி விதை சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துத் தாளித்தால் அன்றைக்குக் கொள்ளுக் கடைசல். வடித்த தண்ணீர் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், மறுநாள் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, தக்காளி பிசைந்து ஒரு கொதி விட்டால் கொள்ளு ரசம். சுடு சோறும் ஒரு ஆம்லெட்டும் இருந்தால் அந்த ராத்திரி பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மழை நாளில் பஸ்ஸில் நனைந்து வந்து அந்த ரசத்தை ஒரு டம்ளர் குடித்தால் உடம்பு முழுக்கத் தெம்பு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமையை முழுதாகச் சமையலுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கான காய் எல்லாவற்றையும் நறுக்கி டப்பா டப்பாவாக அடுக்கிப் பார்த்தேன், புதன்கிழமைக்குள் பாதி கொழகொழத்துப் போனது, குப்பையில் கொட்டியதுதான் மிச்சம். இப்போது மூன்றே வேலை. சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து மூடிபோட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைப்பது. இட்லி மாவு அரைப்பது. தக்காளித் தொக்கு செய்வது. வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால் தோல் சுலபமாக வரும், கண்ணும் எரியாது. ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு வைத்தால் வாரம் முழுக்கக் கெடாது.

தொக்குக்கு நம்ம ஊரைப்போல வசதியான ஊர் கிடையாது. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி மார்க்கெட்டில் மலைமலையாகக் குவிகிறது. விலை விழுந்து விவசாயி கண்ணீர் விடுகிற மாதங்களும் உண்டு, 2023 ஜூலையில் போல கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய மாதமும் உண்டு. விலை இறங்கியிருக்கும்போது இரண்டு கிலோ நாட்டுத் தக்காளி வாங்கி, நெல்லிக்காய் அளவு புளி சேர்த்து, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த் தூள், உப்பு, கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் போட்டு எண்ணெய் பிரியும் வரை சுண்ட வைக்கிறேன். ஒரு மணி நேரம் ஆகும், அடிக்கடி கிண்டினால் போதும். நன்றாக ஆறிய பிறகு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் பத்து நாளைக்குத் தாராளமாக வரும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். சுடு சோற்றில் பிசைந்தால் தக்காளி சாதம். வேகவைத்த முட்டையை இரண்டாகக் கீறி அதில் புரட்டினால் சப்பாத்திக்கு முட்டைத் தொக்கு. சேமியா வேகவைத்து அதில் இரண்டு கரண்டி கலந்தால் பையனுக்குப் பிடித்த சாப்பாடு. ஒரு பாட்டில் தொக்கு இருந்தால் ஏழரை மணிக்கு என்ன செய்வது என்ற கேள்வியே வராது.

மாவுக்கு இட்லி அரிசி நாலு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். மார்கழி, தை மாதங்களில் இங்கே குளிருக்கு மாவு சீக்கிரம் பொங்காது. அடுப்பின் பக்கத்தில் வைத்து, கனமான துணி போர்த்தி, கையால் நன்றாகக் கலந்துவிட்டு, இன்னும் நாலைந்து மணி நேரம் அதிகமாக விட வேண்டும். திங்கள் இட்லி, செவ்வாய் அல்லது புதன் தோசை, வியாழனுக்குள் புளித்துவிடும் மாவில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கிப் போட்டுக் குழிப் பணியாரம். புளிப்பு தெரியவே தெரியாது. பணியாரத்தைத் திருப்புகிற வேலை பெண்ணுடையது, அதில் எனக்குக் கை நிதானம் போதாது, அவளுக்கு நன்றாக வருகிறது.

களி நாள், மாவு நாள் போக மீதியிருக்கிற ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் சாதம். கோயம்புத்தூர், ஈரோட்டுக்காரர்களிடமிருந்து கற்றது. ஒரு டம்ளர் அரிசி, ஊறிய துவரம்பருப்பு கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதல், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு, ஒரே ஒரு தக்காளி, சாம்பார்ப் பொடி, மூன்றரை டம்ளர் தண்ணீர். தாளித்துக் குக்கரிலேயே எல்லாம் போட்டு மூன்று நான்கு விசில். அரிசிக்குப் பதில் சாமை போட்டாலும் நன்றாக இருக்கும், சாமைக்குத் தண்ணீர் சற்றுக் குறைவு, விசில் இரண்டு போதும், அதனால் பாசிப்பருப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள், துவரம்பருப்பு அதற்குள் வேகாது. அப்பளம் சுட்டுத் தயிர் எடுத்து வைத்தால் முடிந்தது.

சமையலைவிட முக்கியமாக எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் பள்ளி விட்டு நான்கரைக்கு வருகிறார்கள். ஏழரைக்கு நான் கதவைத் திறக்கும்போது பசியில் எரிந்துகொண்டிருப்பார்கள், அந்த எரிச்சலில் எதைச் சமைத்தாலும் வேண்டாம் என்பார்கள், நானும் கத்துவேன். தினமும் இதே சண்டை. ஆறு மணிக்கு ஏதாவது சாப்பிட வைத்த பிறகுதான் வீடு அமைதியானது. வேகவைத்த வேர்க்கடலை, வாழைப்பழம், முந்தின நாள் சுண்டல், மாம்பழ சீசனில் ஆளுக்கு ஒரு பழம். கீழ்வீட்டுப் பெரியம்மா எடுத்துக்கொடுத்துவிடுவார். அதைச் சாப்பிட்டால் எட்டரை வரைக்கும் பொறுமையாக இருக்கிறார்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி வைக்காதீர்கள், அதைத் தின்ற நாளில் ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

பிள்ளைகளுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் நாமே இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். என் பெண் என்மேல் ஒரு பாரத்தை ஏற்றிவிடக்கூடாதே என்று பயந்து பயந்து எதையும் கேட்காமல் இருந்தாள். அம்மா இல்லாத ஏக்கம் அவளுக்கு எவ்வளவு இருந்தது என்பதே கீரை ஆயும்போது பேசிய பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது. பையன் தட்டு எடுத்து வைப்பான், தண்ணீர் ஊற்றுவான். அடுப்பு மட்டும் நான் இல்லாமல் பற்றவைக்கக் கூடாது, அதில் கண்டிப்பு. எட்டரைக்குச் சாப்பிட உட்காரும்போது மனைவிக்கு வீடியோ கால் போடுவோம். அவளுக்கு நைட் டியூட்டி இல்லாத நாளில் அவளும் தட்டோடு உட்காருவாள். களி உருட்டியதைக் காட்டினால், “எனக்கு ஒரு உருண்டை எடுத்து வைங்க” என்பாள். சிரிப்பாள், ஆனால் அவளுக்குக் கண் கலங்குவது எனக்குத் தெரியும்.

செலவு இப்போது பாதிக்கும் குறைவு. ராத்திரிக்கு மட்டும் மளிகை, காய், பால், முட்டை, கேஸ் எல்லாம் சேர்த்து மாதம் 3,500 ரூபாயைத் தாண்டுவதில்லை. அரிசி ரேஷனில் வருகிறது, துவரம்பருப்பும் கார்டுக்குக் கிடைக்கிற மாதம் அங்கேயே வாங்கிவிடுகிறோம். ராகியும் கொள்ளும் அம்மா ஊரிலிருந்து அனுப்புகிறார். மிச்சமானதில் ராமநாதபுரம் போய்வரச் செலவுக்கு எடுத்து வைக்கிறோம்.

இவ்வளவு ஏற்பாடு செய்தாலும் பஸ் பழுதாகி ஒன்பது மணிக்கு வருகிற நாள் வரும். அந்த நாளுக்கென்று பருப்புப் பொடி ஒரு பாட்டில் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். ஒரு டம்ளர் துவரம்பருப்பு, கால் டம்ளர் பொட்டுக்கடலை, ஏழெட்டு வர மிளகாய், ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம். துவரம்பருப்பைச் சின்னத் தீயில் சிவக்க வறுக்க வேண்டும், உள்ளே பச்சையாக இருந்தால் வயிறு உப்பும். மற்றதைத் தனித்தனியாக வறுத்து ஆறவிட்டு, தட்டிய பூண்டு வேண்டுமென்றால் அதையும் ஈரம் போக வறுத்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துப் பொடிக்கலாம். பெண்ணுக்குக் குக்கரில் அரிசி அளந்து தண்ணீர் ஊற்றி வைக்கத் தெரியும், நான் வந்து அடுப்பைப் பற்றவைத்தால் பதினைந்து நிமிடம். சுடு சோறு, பருப்புப் பொடி, மேலே நல்லெண்ணெய் தாராளமாக, பக்கத்தில் தயிர். அந்த நேரத்துக்கு ஓட்டலைத் தேடி மறுபடி கீழே இறங்காதீர்கள்.